மேல்கணக்குப் பாதையும் அல்பேர்ட்டாக் கையெழுத்தும்

1

பாலும் பாணும் வாங்கிக்கொண்டு கடையை விட்டு வெளியே வந்தபோது வாசலில் ஒரு மடிப்பு மேசை போட்டிருந்தார்கள். அதற்குப் பின்னால் தடித்த குளிர்ச்சட்டையோடு ஒரு வயதான தம்பதி, கோயில் வாசலில் பிரசாதம் கொடுப்பவர்களைப் போலச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அல்பேர்ட்டா மாகாணம் கனடாவை விட்டுப் பிரிந்து தனி நாடாகப் போகலாமா என்று வாக்கெடுப்பு நடத்தச் சொல்லிக் கையெழுத்து வாங்குகிறார்கள். நான் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுக் காரைப் பார்த்து நடந்தேன். பாதி தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால் என் மகன் நிரோஷன் பின்னால் இல்லை. மேசையில் குனிந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதி முடியாது. ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்குத் தெரியும், இலங்கையில் எங்கள் மலையகத்துத் தோட்ட ஆட்களுக்குப் பிரஜாவுரிமை என்றால் என்ன பாடு என்று. என் அப்பாவுக்கு அது கிடைத்தபோது அவர் தலை நரைத்திருந்தது. நாடு என்று ஒன்று கிடைப்பதற்குள் எங்கள் வீட்டில் ஒரு தலைமுறை மண்ணுக்குள்ளேயே போய்விட்டது. இவனோ பால் வாங்க வந்த இடத்தில் நின்ற நிலையில் ஒரு நாட்டை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிறான்.

காரில் ஏறியதும் எதற்கடா போட்டாய் என்று கேட்டேன். அவன் பெல்ட்டை மாட்டிக்கொண்டு நிதானமாகச் சொன்னான்.

"சனங்ககிட்ட கேட்டுப் பாக்கத்தானே சொல்றேன்ப்பா. நம்ம எண்ணெய்க் காசுலதான் மத்த மாகாணமெல்லாம் சுகமா இருக்குது. அவங்களே நம்ம எண்ணெய அழுக்குன்னும் சொல்றாங்க. எத்தன நாளைக்கு நாமளே குடுத்துக்கிட்டு இருக்கிறது?"

இரண்டு வயதில் இங்கே வந்தவன். இப்போது ஒரு எண்ணெய்க் கம்பனியில் இஞ்சினியர். தமிழ் பேசுவதே அபூர்வம், பேசினால் எங்கள் தோட்டத்துத் தமிழ்தான் வரும், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தை அவன் சொன்னபோது பெருமைப்பட முடியவில்லை. அதே வாக்கியத்தை, அதே தமிழில், நான் ஏற்கனவே ஒரு தடவை கேட்டிருக்கிறேன்.

2

அதைச் சொல்வதற்கு முன் என் தங்கச்சியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அந்த மாதம் முழுக்க என் மனம் இங்கே கல்கரியில் இல்லை, அவள் வீட்டு வாசலில்தான் கிடந்தது.

எங்கள் தேயிலைத் தோட்டம் டயகமவுக்கு மேலே. அதில் மூன்று பிரிவு. தோட்டத்தில் பிரிவைக் கணக்கு என்பார்கள். தொழிற்சாலையும் கோயிலும் இருக்கிற கீழ்க்கணக்கு பெரியது. அதற்கு மேலே நடுக்கணக்கு. உச்சியில், இனி மேலே காடுதான் என்கிற இடத்தில், மேல்கணக்கு. தங்கச்சி புஷ்பராணி அங்கேதான் இருக்கிறாள். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவில் வேலை பார்க்கிறாள். தோட்டத்து வரிசை அறைகளான லயத்தில் பிறந்து லயத்திலேயே வளர்ந்த எங்கள் குடும்பத்தில் சொந்தப் பெயரில் ஒரு துண்டு காணி கிடைத்தது அவளுக்குத்தான் முதல் முறை. உறுதிப் பத்திரத்தோடு, இரண்டு அறையும் ஒரு குசினியும் உள்ள தனி வீடு. வீட்டைச் சுற்றி லீக்ஸ் போட்டிருந்தாள். வீடியோவில் என்னை அழைத்துக்கொண்டு சுவரெல்லாம் தடவித் தடவிக் காட்டியிருக்கிறாள்.

போன வருடம் அவள் புருசன் செல்வராஜுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி கொண்டுபோக வேண்டும். திரீவீலர் நடுக்கணக்கு மதகு வரைதான் வரும். அதற்கு மேலே பாதை என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமாகக் கல்லும் குழியும்தான் மிச்சம். பிளாஸ்டிக் கதிரையில் அவரை உட்காரவைத்துக் கம்பு கட்டித் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். தூக்குகிற வயதுப் பையன்கள் எல்லாம் கொழும்புக் கடைகளில் நிற்கிறார்கள். பாதை வராவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டுத் தலவாக்கலையில் வாடகைக்கு ஒரு அறை பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று புஷ்பம் சொல்லிவிட்டாள். சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு வாடகை அறைக்கு.

இந்த நிலையில்தான் பிரதேச சபையில் எங்கள் தோட்டத்துப் பாதைக்கென்று காசு வந்து நின்றது. உங்களில் இளையவர்களுக்கு இதன் அருமை தெரியாது. முன்பு தோட்டத்து ஆட்கள் சபைக்கு ஓட்டுப் போடலாம், ஆனால் சபையின் காசு தோட்டத்து எல்லையைத் தாண்டி வரக்கூடாது, சட்டமே அப்படி. தோட்டத்தை நடத்துகிற கம்பனியிடம் போனால் அரசாங்கத்திடம் கேள் என்பார்கள். சபைக்குப் போனால் இது கம்பனிக் காணி என்பார்கள். பிறகு சட்டத்தை மாற்றினார்கள். மாற்றினாலும் காசு வர வேண்டுமே. கொழும்பு மாகாணத்துக்குக் கொடுத்து, மாகாணம் சபைக்குக் கொடுத்து, சபையிலிருந்து எங்கள் மலை ஏறுவதற்குள் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது. இந்தத் தடவை மிஞ்சியது. கம்பனியும் சம்மதித்தது.

ஒரே சிக்கல், அது பாதையில் ஒரு துண்டைப் போடத்தான் காணும். மேலே போடுவதா கீழே போடுவதா என்பதை மூன்று கணக்கும் கூடிப் பேசி, ஒரே கோரிக்கையாகக் கொண்டுவாருங்கள், உங்கள் சண்டைக்கு நாங்கள் வரமாட்டோம் என்று சபையில் சொல்லிவிட்டார்கள். வருட முடிவுக்குள் வேலை தொடங்காவிட்டால் காசு வந்த வழியே திறைசேரிக்குத் திரும்பிவிடும்.

3

மூன்று கணக்கும் கூடிப் பேசுவது. அதில்தான் இருக்கிறது எங்கள் வினை.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் தோட்டத்துக்கு ஒரே திருவிழா. கீழ்க்கணக்கு மாரியம்மனுக்குத்தான். மூன்று கணக்கு ஆட்களின் சம்பளத்திலும் ஒரே அளவு சந்தாவை ஒபிசிலேயே வெட்டிக் கோயில் கமிட்டியிடம் கொடுத்துவிடுவார்கள். ஆள் அதிகம் என்பதால் கீழ்க்கணக்குக் காசுதான் அதிகம். ஆனால் தேர் முதலில் போவது மேல்கணக்குக்கு. அம்மன் மேலே ஏறி, அங்கே பூசை நடந்து, அங்கேயே முதல் சோறு போட்டு, பிறகுதான் இறங்கி வந்து மற்றக் கணக்குகளைப் பார்ப்பாள். ஏன் அப்படி என்று யாரும் எழுதி வைக்கவில்லை. கீழே சுற்றிவிட்டு மேலே போகலாம் என்று வைத்தால் மழை வந்துவிடும், இருட்டிவிடும், ஆட்களுக்குக் குடித்து வெறி ஏறிவிடும், மேலே இருப்பவனுக்கு அம்மன் வரவே மாட்டாள். அதனால் தூரத்தில் இருப்பவனுக்கு முதலில். அவ்வளவுதான் கணக்கு.

தேர் மேலே ஏற வேண்டுமென்றால் பாதை இருக்க வேண்டுமல்லவா. திருவிழாவுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று கணக்கு ஆம்பளைகளும் மண்வெட்டியோடு இறங்கி அடியிலிருந்து உச்சிவரை குழி நிரப்பி, கல் அடுக்கி, மழைத் தண்ணீர் ஓடக் கான் வெட்டுவார்கள். பெண்கள் தேத்தண்ணி கொண்டுவருவார்கள். வருடத்துக்கு ஒரு தடவை பாதை புதிதாகிவிடும். அதற்காகக் கம்பனியும் கொடுத்ததில்லை, அரசாங்கமும் கொடுத்ததில்லை. அம்மனுக்காக வெட்டிய பாதையில்தான் மற்ற நாளெல்லாம் நோயாளியும் பிணமும் கல்யாண மாப்பிள்ளையும் போய்வந்தார்கள்.

ஒரு வருடம் கோபுரம் கட்ட வேண்டும் என்று பேச்சு வந்தது. கோயில் முற்றத்தில் கூட்டம். கீழ்க்கணக்குக்காரர் ஒருவர் எழும்பிக் கேட்டார், கூடக் குடுக்கிறது நாங்க, மொத சோறு அவங்களுக்கா, எத்தன நாளைக்கு நாமளே குடுத்துக்கிட்டு இருக்கிறது என்று. அன்றைக்குப் பெரிய சண்டை. மேல்கணக்குக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். கதிரை பறந்தது. மேல்கணக்குப் பக்கம் நின்ற என் அப்பாவின் சட்டை கிழிந்தது. அடுத்த வருடமே மேல்கணக்கு சந்தாவைப் பிரித்துக்கொண்டு, ஒரு தகரக் கூரையைப் போட்டுத் தனி மாரியம்மன் வைத்தது.

கீழே கோபுரம் எழும்பியது. அழகான கோபுரம்தான், குறை சொல்ல முடியாது. தேர் கீழேயே ஒரு சுற்றுச் சுற்றி நிலைக்கு வந்துவிடும். மேலே பாதை வெட்ட யாருக்கும் காரணம் இல்லாமல் போனது. முதலில் கான் அடைந்தது. பிறகு மழை பாதையிலேயே ஓடியது. சில வருடங்களில் லொறி நின்றது, பிறகு திரீவீலரும் நின்றது. கோபுரத்துக்குக் காசு கேட்டவர்கள் யாரும் பாதையைக் கெடுக்க நினைக்கவில்லை. தங்கள் காசு தங்களிடம் இருக்கட்டும் என்று மட்டும்தான் நினைத்தார்கள்.

4

நிரோஷனுக்கு இதையெல்லாம் சொன்னேன். சாப்பாட்டு மேசையில் ஒரு வாரம் எங்களுக்கு இதே சண்டைதான்.

இந்த நாட்டு ஏற்பாடு இதுதான். மத்திய அரசு எல்லா மாகாணத்து ஆட்களிடமும் ஒரே விதமாக வரி வாங்குகிறது. சொந்தமாக வருமானம் திரட்ட வசதி குறைந்த மாகாணங்களுக்கு அதில் ஒரு பங்கைப் பிரித்துக் கொடுக்கிறது, அங்கே உள்ளவனுக்கும் ஓரளவு இதே மாதிரிப் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கிடைக்கட்டும் என்று. அல்பேர்ட்டாவில் எண்ணெய் இருக்கிறது, சம்பளம் அதிகம், அதனால் வரியும் அதிகம் போகிறது, அந்தப் பங்கில் இங்கே ஒன்றும் திரும்புவதில்லை. சமஷ்டி, அதாவது கூட்டாட்சி என்றால் இவ்வளவுதான். ஊரில் அந்தச் சொல்லைச் சொன்னாலே நாட்டைப் பிரிக்கப் போகிறான் என்று பதறுவார்கள். இங்கே சமஷ்டிக்குள் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு பிரிவினை பேசுகிறார்கள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

நான் மாநகர சபையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறேன். மேட்டின் உச்சியில் முட்டுச்சந்தில் நாலு வீடு இருந்தாலும் ஒரு நாள் என் வண்டி அங்கே ஏறத்தான் வேண்டும். அந்த நாலு வீட்டு வரி என் டீசலுக்குக் காணாது. இதை மகனிடம் சொன்னேன். அவன் சளைக்கவில்லை.

"சரிப்பா. ஆனா அந்த நாலு வீட்டுக்காரங்க உங்க வண்டிய றோட்டுல விடமாட்டோம்னு மறிச்சா? மத்த மாகாணக்காரங்க நம்ம எண்ணெய் பைப்லைன மறிக்கிறாங்களே, அது என்ன நியாயம்?"

அவன் கேட்டதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. கொடுத்தவனுடைய கோபம் எனக்குத் தெரியாததா? எங்கள் கொழுந்துக் காசில்தான் நாடே நடந்தது என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். மலையிலிருந்து பெட்டி பெட்டியாகத் தேயிலை இறங்கியது, மேலே ஒரு நல்ல கக்கூஸ்கூட ஏறவில்லை. ஆனால் எங்களுக்கு ஏன் பங்கு பிரித்துத் தரவில்லை என்று கேட்க ஒரு மேசைகூட இருக்கவில்லை. உனக்கு மேசை இருக்கிறது, அங்கே உட்கார்ந்து சண்டை போடு, எழும்பிப் போகாதே என்றேன். அவன் குரலை உயர்த்தினான். நான் அதைவிட உயர்த்தினேன். என் மனைவி கறிச்சட்டியை டங்கென்று வைத்துவிட்டு, இனிமேல் இந்த மேசையில் மாகாணப் பேச்சு எடுத்தால் இரண்டு பேருக்கும் சோறு கிடையாது என்றாள்.

மறுநாளிலிருந்து நாங்கள் எடுக்கவில்லை. வீடு அமைதியாக இருந்தது. நல்லதுதான் என்று நானும் நினைத்தேன்.

5

டிசம்பரில் கதிரேசனுக்குப் போன் எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவன், இப்போது கீழ்க்கணக்குக் கோயில் கமிட்டித் தலைவர். நல்ல மனுசன். செல்வராஜ் விழுந்த அன்றைக்கு நுவரெலியாவுக்குத் தன் வேனில் கொண்டுபோனவனே அவன்தான், காசும் வாங்கவில்லை.

முதலில் பிள்ளைகள், குளிர், தேயிலை விலை என்று சுற்றிச் சுற்றிப் பேசினோம். பிறகு பாதைக்கு வந்தேன். கீழே தொழிற்சாலை லொறி போகிறது, அந்தத் துண்டுக்கு எப்படியும் கம்பனி கல் போடும், மேலேதான் ஒன்றும் இல்லை, இந்தத் தடவை மேலே விட்டுக்கொடுங்கள் என்று கேட்டேன்.

"நீ சொல்றது வெளங்குது மச்சான்," என்றான். "ஆனா ஆளு கூட இருக்கிற எடத்துக்குத்தானே மொதல்ல செய்யணும்? கீழ நாங்க எத்தன குடும்பம்? மேல இப்ப எத்தன பேரு இருக்காங்க? பாதி லயம் பூட்டிக் கெடக்குது. ஆளு இல்லாத எடத்துக்கு றோட்டுப் போட்டுட்டு நான் எங்காளுங்களுக்கு என்னா பதில் சொல்றது?"

பாதை இல்லாததால்தானே ஆள் இல்லை என்றேன். அது இருக்கும்தான் என்றான். திருவிழா பிரிந்திருக்காவிட்டால் பாதை இருந்திருக்கும் என்றேன். அதுவும் இருக்கும் என்றான். அவன் எதையுமே மறுக்கவில்லை. மறுத்திருந்தால் எனக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். கடைசியில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து பேசிப் பார்க்கிறேன் என்றான். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு புஷ்பத்திடம் நம்பிக்கையோடு சொன்னேன், தைரியமாகப் பேசு, கத்தினாலும் பரவாயில்லை, அழுதாலும் பரவாயில்லை, கதிரேசன் விட்டுக்கொடுப்பான் என்று. அவள் பிள்ளைக் காம்பராவில் பிள்ளைகளை விடும் தாய்மாருக்கெல்லாம் வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைத்தாள். செல்வராஜையும் கதிரையில் தூக்கிக்கொண்டு போக ஏற்பாடு செய்தாள். அவரே வந்து நின்றால் யாரும் இல்லையென்று சொல்ல மாட்டார்கள் என்பது அவள் நினைப்பு.

6

புது வருடம் பிறந்து சில நாட்களில் அவளுடைய அழைப்பு வந்தது. நான் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"காசு திரும்பிப் போயிருச்சுண்ணே," என்றாள்.

எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறிவிட்டது. யார் குழப்பியது, கதிரேசனா, நடுக்கணக்குக்காரர்களா, யார் கத்தியது, பெயரைச் சொல், இப்போதே போன் போடுகிறேன் என்று நான்தான் கத்தினேன். நான் அடங்கியதும் அவள் சொன்னாள்.

"யாரும் கத்தலண்ணே. யாருமே வரல. நாங்க இவர தூக்கிக்கிட்டு எறங்கி, கோயில் மண்டபத்துல மத்தியானம் வரைக்கும் உக்காந்திருந்தோம். நடுக்கணக்குல ரெண்டு பேரு வந்து பாத்துட்டுப் போனாங்க. கீழ இருந்து ஒரு ஆளு வரல. கதிரேசண்ணன் வேன் ஓட்டத்துல இருக்கேன்னு மெசேஜ் போட்டாரு. திரும்பித் தூக்கிக்கிட்டு ஏறினோம்."

அவர்கள் உங்களை வேண்டாமென்று சொல்லவும் இல்லையா என்று கேட்டேன்.

"சொல்லலியே. அதத்தாண்ணே சொல்றேன். முந்தி அப்பா காலத்துல சட்டையப் புடிச்சி இழுத்துச் சண்ட போட்டாங்க. சண்ட போடவாவது நாங்க வேணும்னு இருந்திச்சு. இப்ப அதுக்கும் நாங்க வேணாம்."

பொங்கல் முடிந்ததும் தலவாக்கலைக்கு இறங்குகிறார்கள். அறை பார்த்தாகிவிட்டது. வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவதாகச் சொன்னாள். பிள்ளைக் காம்பராவில் இப்போது வருவதே மூன்று நாலு பிள்ளைகள்தானாம், அதையும் இனிக் கீழே சேர்த்துவிடுவார்கள். உறுதிப் பத்திரத்தை என்ன செய்தாய் என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். பையில் எடுத்து வைத்துக்கொண்டேன் என்றாள். அவள் அழவில்லை. போனை வைத்த பிறகு நான்தான் வாசற்படியில் சப்பாத்தோடு உட்கார்ந்து அழுதேன்.

நிரோஷன் அறையிலிருந்து வந்து என்ன என்று கேட்டான். சொன்னேன். அத்தை பாவம்ப்பா என்றான். உண்மையாகவே முகம் வாடித்தான் சொன்னான். என் தோளைத் தொட்டுவிட்டுப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தான். எனக்கு அவனோடு பேச வேண்டும் போல இருந்தது. பேசவேண்டும் என்றுகூட இல்லை, பழையபடி மேசையைத் தட்டி ஒரு சண்டை பிடிக்க வேண்டும் போல இருந்தது. சரி, இப்போது சொல், அன்றைக்குக் கடை வாசலில் கையெழுத்துப் போட்டாயே, அது சரிதானா, சொல் பார்ப்போம் என்று ஆரம்பித்தேன். குரலை வேண்டுமென்றே உயர்த்தினேன். பைப்லைனைப் பற்றிக்கூட நானே எடுத்துக் கொடுத்தேன்.

அவன் சிரித்தான். அன்பான சிரிப்புத்தான்.

"அத விடுங்கப்பா. ஒங்களுக்கு ஒங்க கருத்து, எனக்கு என் கருத்து. எதுக்கு அதப் போயி பேசிக்கிட்டு? தேத்தண்ணி ஆறுது, குடிங்க."

சொல்லிவிட்டுப் போய்க் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டான். அவனுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் அன்றைக்கு நான் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.